ஏரிகளின் ஊரில் வடிகால்: சென்னை மாநகராட்சியும் மழைவெள்ளமும்

சென்னை தட்டையான ஊர். பரங்கிமலை போன்ற சில மேடுகளை விட்டால், நகரின் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து 2 முதல் 10 மீட்டர் உயரத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றில் வருகிறது. அதுவும் நாள்தோறும் தூறலாக வராமல், வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகும் சில நாட்களில் மொத்தமாகக் கொட்டித் தீர்க்கிறது. அதே நாட்களில் கடலும் பொங்கி நிற்பதால், ஆறுகள் கடலில் கலக்கும் முகத்துவாரங்களில் தண்ணீர் வெளியேறத் திணறுகிறது. மேலே வானமும் கீழே கடலும் ஒரே நேரத்தில் நெருக்கும் இந்த நிலத்தில் மழைநீரை என்ன செய்வது என்ற கேள்வி, இங்கு மாநகராட்சி என்ற அமைப்பு தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுந்து, விடையும் கண்டிருந்தது.

அந்த விடைதான் ஏரி. பழைய செங்கல்பட்டு மாவட்டம் முழுவதும் ஆயிரக்கணக்கான ஏரிகள் மேட்டிலிருந்து பள்ளம் நோக்கி வரிசையாக வெட்டப்பட்டிருந்தன. ஓர் ஏரி நிரம்பினால் உபரி நீர் கலங்கல் வழியாக வழிந்து, போக்குக் கால்வாயில் இறங்கி, அடுத்த ஏரிக்குப் போகும். கடைசி ஏரியும் நிரம்பிய பிறகே ஆற்றுக்குத் தண்ணீர் வரும். மதகைத் திறந்து மூடவும் கரையைக் காக்கவும் ஊரே ஆள் வைத்திருந்தது. தூர் வாருவது, ஊர் மக்களே கூடிச் செய்யும் குடிமராமத்தாக நடந்தது. நெல் வயலுக்குப் பாசனம் தருவதற்காகவே இவை வெட்டப்பட்டன. ஆனாலும், ஒரே நாளில் கொட்டும் மழையைப் பல நாட்களாகப் பிரித்து மெல்ல மெல்லக் கடலுக்கு அனுப்பும் வேலையையும் இவையே செய்துவந்தன. வெள்ளத் தடுப்பு என்ற பெயர் அதற்கு யாரும் வைக்கவில்லை.

இப்படி வடிந்துவரும் நீரைக் கொண்டுசெல்ல மூன்று ஆறுகள் உண்டு. வடக்கே கொசஸ்தலையாறு எண்ணூர்க் கழிமுகத்தில் கலக்கிறது. நடுவே கூவம், நேப்பியர் பாலத்தைக் கடந்து கடலைச் சேர்கிறது. தெற்கே அடையாறு, தாம்பரத்துக்கு மேற்கிலுள்ள ஏரிகளின் உபரி நீரோடு செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீரையும் திருநீர்மலை அருகே ஏற்றுக்கொண்டு, சைதாப்பேட்டை வழியாகச் சீனிவாசபுரம் அருகே கடலில் கலக்கிறது. இவற்றுக்குத் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் கோவளம் கழிமுகமும் தனி வடிநிலமாக அமைந்துள்ளன. ஓட்டேரி நல்லா, விருகம்பாக்கம்–அரும்பாக்கம் கால்வாய், மாம்பலம் கால்வாய், வேளச்சேரிப் பக்கம் வீராங்கல் ஓடை எனக் கிளைக் கால்வாய்கள் பல. இந்தப் பெயர்கள் எல்லாம் பருவமழைக் காலச் செய்திகளில் ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வருபவை.

மாநகராட்சி 1688 செப்டம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்தது. இந்தியாவின் மிகப் பழைய நகராட்சி அமைப்பு இதுவே. நத்தானியேல் ஹிக்கின்சன் முதல் மேயர். புனித ஜார்ஜ் கோட்டையையும் அதை ஒட்டிய கறுப்பர் நகரத்தையும் ஆளுவதற்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்படுத்திய அந்த அமைப்புக்குத் தெரு, சாக்கடை, வரி ஆகியவையே உலகம். ஏரிகள் நகர எல்லைக்கு வெளியே வருவாய்த் துறையின் கையில் இருந்தன. இந்தப் பிரிவினை பிற்காலத்துக்கும் ஒட்டிக்கொண்டது. தெருவில் விழும் மழைக்குப் பொறுப்பு மாநகராட்சி. அந்த மழை எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பது வேறொருவர் பொறுப்பு. சென்னை வெள்ளத்தின் கதையில் பாதி இந்தப் பிரிவினைக்குள் இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் நகராட்சியின் கவலை வெள்ளத்தைவிடக் காலராவைப் பற்றியதாக இருந்தது. பொறியாளர் ஹெக்டர் டல்லக் 1865இல் நகரின் கழிவுநீரை வெளியேற்ற ஒரு திட்டம் வகுத்தார். கழிவுநீர்க் குழாய்கள் 1890 வாக்கில் நகரின் நடுப்பகுதியில் தொடங்கின. 1910இல் முழு நகருக்குமான கழிவுநீர்த் திட்டம் வகுக்கப்பட்டபோது, 1961இல் மக்கள்தொகை 6.6 லட்சமாக இருக்கும் என்று கணக்கிட்டார்கள். கழிவுநீருக்கு நிலத்தடிக் குழாய், மழைநீருக்குத் தெருவோர வடிகால் எனத் தனித்தனியாக வைப்பது அப்போது எடுத்த நல்ல முடிவு. நகரம் அந்தக் கணக்கை மீறி வளர்ந்தபோது, நிரம்பிய கழிவுநீர்க் குழாய்க்கு மாற்றாக மழைநீர் வடிகாலையே பலர் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அந்தத் தவறு இன்றுவரை தீரவில்லை.

நீர்வழிகளின் மீது இரண்டு பெரிய கட்டுமானங்களும் 19ஆம் நூற்றாண்டில்தான் வந்தன. ஒன்று பக்கிங்காம் கால்வாய். பேசில் காக்ரேன் 1806இல் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டத் தொடங்கிய படகுக் கால்வாய், படிப்படியாக வடக்கிலும் தெற்கிலும் நீண்டது. 1876–78 பெரும் பஞ்சத்தின்போது பசியால் வாடி வந்தவர்களுக்கு வேலை கொடுத்துக் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடைப்பட்ட சுமார் 8 கிலோமீட்டரை வெட்டினார்கள். அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் அதற்கு வந்தது. உப்பும் விறகும் ஏற்றிச் செல்ல வெட்டிய இந்தக் கால்வாய், கடற்கரைக்கு இணையாக ஓடி மூன்று ஆறுகளையும் இணைப்பதால், ஓர் ஆற்றின் சுமையை மற்றொன்றுக்குப் பகிரும் வெள்ள வடிகாலாகவும் ஆனது. மற்றொன்று துறைமுகம். 1870களில் தொடங்கிய அதன் தடுப்புச் சுவர்கள், கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்து நிறுத்தின. மெரினா கடற்கரை அகலமானது அதனால்தான். அதே மணல் கூவத்தின் முகத்துவாரத்தையும் மேடிட்டு அடைத்தது. முகத்துவார மணலை அள்ளுவது அன்றுமுதல் ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலையாகிவிட்டது.

ஏரியின் மேல் நகரம் ஏறிய கதைக்குத் தியாகராய நகர்தான் தெளிவான சான்று. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நகரின் மேற்கு எல்லையாக நெடிய ஏரி ஒன்று வளைந்து கிடந்தது; நுங்கம்பாக்கம் ஏரி, மயிலாப்பூர் ஏரி என்று அதன் பகுதிகளுக்குப் பெயர். முதல் உலகப் போருக்குப் பின் நகரில் வீட்டுப் பற்றாக்குறை முற்றியது. 1920இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. 1923 முதல் ஏரியை வடித்து மனைகளாக்கும் மாம்பலம் திட்டம் தொடங்கியது. நீதிக் கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரில் புதிய நகர் எழுந்தது. அகலமான சாலைகள், நடுவில் பூங்கா என அக்காலத்துக்கு அது முன்மாதிரியான திட்டம்தான். அதை வகுத்தவர்களைக் குறை சொல்வதும் எளிதல்ல. ஏரி நீர் பாயும் ஆயக்கட்டு வயல்கள் வீடுகளாகிவிட்ட பின் ஏரிக்கு வேலை இல்லை என்று அவர்கள் நினைத்தார்கள். ஏரிக்குப் பாசனம் தவிர வேறு வேலையும் இருந்தது என்பது மழை பெய்தபோதுதான் தெரிந்தது. நுங்கம்பாக்கத்தில் ஏரி இருந்த இடத்தில் 1970களில் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு, நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு என்று பெயரில் மட்டும் ஏரி மிஞ்சியது. அதன் உபரி நீர் போன வழி மாம்பலம் கால்வாயாகச் சுருங்கி, கடைத்தெருக்களின் பின்பக்கத்தில் ஓடுகிறது.

1919ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டம், வடிகால் அமைப்பதையும் பராமரிப்பதையும் மாநகராட்சியின் கடமையாக்கியது. அதன் கீழ் தெருத்தெருவாகச் செங்கல் வடிகால்கள் கட்டப்பட்டன. 1943 அக்டோபரில் நாட்கணக்கில் பெய்த மழையில் கூவமும் அடையாறும் கரை மீறின. ஆற்றோரக் குடிசைகளில் இருந்தவர்கள் வீடிழந்தார்கள். அந்த வெள்ளத்துக்குப் பின் கூவத்தின் வெள்ளப்போக்கை ஆராய்ந்து அறிக்கை எழுதினார்கள். ஒவ்வொரு பெருவெள்ளத்துக்குப் பின்னும் ஓர் அறிக்கை என்ற வழக்கம் அப்போது தொடங்கியது.

விடுதலைக்குப் பின் ஏரிகளை மனைகளாக்குவது அரசின் கொள்கையாகவே ஆயிற்று. புறம்போக்கு நிலம் அரசுடையது. நில எடுப்புச் செலவு இல்லை. வீட்டு வசதி வாரியம் நகரின் மேற்கில் ஏரிப் பகுதிகளில் குடியிருப்புகளை எழுப்பியது. முகப்பேரில் அப்படி எழுந்த பகுதிக்கு 'ஏரித் திட்டம்' என்றே பெயர். வீட்டு முகவரியிலும் அப்படியே எழுதுகிறார்கள். வேளச்சேரி ஏரியின் பெரும்பகுதியும் இப்படியே குடியிருப்புகளுக்குள் போனது. நடுத்தரக் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் வீடு கிடைத்தது உண்மை. மழைக் காலத்தில் அந்த வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது அதன் மறுபக்கம்.

1970களில் மாநகராட்சியின் அதிகாரம் பல துண்டுகளானது. குடிசை மாற்று வாரியம் 1970இல் வந்தது. நகரமைப்பு, சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துக்குப் போனது. குடிநீரும் கழிவுநீரும் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனி வாரியத்துக்கு மாற்றப்பட்டன; மக்கள் நாவில் அது மெட்ரோ வாட்டர். ஆறுகளும் பெரிய கால்வாய்களும் பொதுப்பணித் துறையிடம் இருந்தன; முக்கியச் சாலைகளும் அவற்றின் வடிகால்களும் நெடுஞ்சாலைத் துறையிடம் இருந்தன. எஞ்சிய தெருக்களின் மழைநீர் வடிகால் மட்டும் மாநகராட்சியிடம் தங்கியது. இதோடு இன்னொன்றும் நடந்தது. 1973 டிசம்பரில் மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டு, 1996 வரை தேர்தலே நடக்கவில்லை. 1976 வெள்ளமும் 1985 வெள்ளமும் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர் ஒருவர்கூட இல்லாத நகரத்தில் வந்தவை. தன் தெருவில் எந்த மூலையில் தண்ணீர் நிற்கும், எந்த வீட்டில் நடக்க முடியாத முதியவர் இருக்கிறார் என்று அறிந்து, அதற்காக மன்றத்தில் கேள்வி கேட்க உரிமையுள்ள ஆள் இல்லாமல் 23 ஆண்டுகள் கழிந்தன. வெள்ளத் தயார்நிலையில் இது சிறிய குறையல்ல.

1976 நவம்பர் 25 அன்று நுங்கம்பாக்கத்தில் ஒரே நாளில் 452 மில்லிமீட்டர் மழை பதிவானது. அடையாறு பெருகிக் கோட்டூர்புரம் போன்ற கரையோரப் பகுதிகள் மூழ்கின. 1985 நவம்பரில் மீண்டும் அடையாறு கரை புரண்டது. 1992–93இல் முழுப் பெருநகருக்குமான மழைநீர் வடிகால் பெருந்திட்டம் ஆராயப்பட்டது. தெருவைத் தாண்டி, நகரம் முழுவதையும் வடிநிலங்களாகப் பார்த்த ஆய்வு அது. அதன் பரிந்துரைகளில் பல, பணமும் பொறுப்பேற்கும் ஆளும் இல்லாமல் கிடப்பில் கிடந்தன.

அதே காலத்தில் எதிர்த்திசையிலும் வேலை நடந்துகொண்டிருந்தது. கடற்கரை நிலையத்திலிருந்து தெற்கே போகும் பறக்கும் ரயில் பாதைக்கு நிலம் தேடியவர்கள், பக்கிங்காம் கால்வாயின் மேலேயே தூண்களை நிறுத்தினார்கள். 1995இல் சேப்பாக்கம் வரையும் 1997இல் மயிலாப்பூர் வரையும் ரயில் ஓடியது. வீடுகளை இடிக்காமல் பாதை அமைந்தது என்னவோ உண்மைதான். ஆனால் பஞ்சத்தில் அடிபட்ட மக்கள் வெட்டிய கால்வாய், நகரின் நடுப்பகுதியில் தூண்களாலும் நிலையங்களாலும் குறுகிப்போனது.

தெற்கில் பள்ளிக்கரணையின் இழப்பு இதைவிடப் பெரியது. 30க்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர் இந்தச் சதுப்பு நிலத்தில் வந்து பரவி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, முட்டுக்காட்டில் கடலைச் சேரும். வருவாய்ப் பதிவேட்டில் இது கழிவெளிப் புறம்போக்கு. பயனற்ற நிலம் என்ற எண்ணத்தில் அதன் மேல் சாலைகள், கல்வி நிறுவனங்கள், தகவல் தொழில்நுட்ப வளாகங்கள், அடுக்குமாடிகள் வந்தன. மாநகராட்சியே பெருங்குடிப் பக்கம் பல்லாண்டுகளாகக் குப்பை கொட்டியது. 2007இல் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் 1,247 ஹெக்டேர், பன்னாட்டு ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து வெள்ள ஆபத்தைக் காரணம் காட்டி அகற்றப்பட்ட குடும்பங்கள் 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகரிலும், பிறகு செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தப்பட்டன. இந்த மூன்று இடங்களும் இதே தாழ்நிலத்தில், இதே சதுப்பின் விளிம்பில் இருப்பவை. ஆற்று வெள்ளத்திலிருந்து காப்பதாகச் சொல்லிக் கொண்டுவந்த மக்களைச் சதுப்பு வெள்ளத்தில் விட்டது, இந்த வரலாற்றில் மிகக் கொடிய பிழை. வேலைக்கும் பள்ளிக்கும் பல மைல் தூரம் போக வேண்டிய அவர்கள், ஒவ்வொரு பெருமழையிலும் முழங்கால் தண்ணீரில் நிற்கிறார்கள்.

தெருவில் இருக்கும் மழைநீர் வடிகாலைக் கிட்டே போய்ப் பார்த்தால் பிரச்சினையின் உருவம் தெரியும். சாலையோரம் கம்பி வலை போட்ட ஒரு வாய் இருக்கும். அதன் கீழே வண்டல் வடிகட்டித் தொட்டி. மழைநீரோடு வரும் மணலும் குப்பையும் தொட்டியின் அடியில் தங்கிவிட, தெளிந்த நீர் மட்டும் பக்கத்திலுள்ள கான்கிரீட் வடிகாலுக்குள் போக வேண்டும். அங்கிருந்து பெரிய வடிகால், பிறகு கால்வாய், பிறகு ஆறு. சென்னையில் வாட்டம் மிகக் குறைவு. சில இடங்களில் நூறு மீட்டருக்குச் சில சென்டிமீட்டர்கூடக் கிடைப்பது அரிது. ஆகவே தரைமட்டத்தில் சிறு பிழை நேர்ந்தாலும் தண்ணீர் நின்றுவிடும், சில நேரம் எதிர்த்திசையிலும் ஓடும். தொட்டி நிரம்பினால் அடுத்த மழையின் மண் நேரே வடிகாலுக்குள் போகும். ஒரு வீட்டின் கழிவுநீர்க் குழாய் திருட்டுத்தனமாக இணைக்கப்பட்டிருந்தால், வெயில் காலத்திலும் வடிகாலில் கறுப்புத் தண்ணீர் நின்று சேறாகப் படியும். கேபிள் பதிக்கத் தோண்டியவர்கள் வடிகாலின் சுவரைத் துளைத்துக் குழாயைக் குறுக்கே விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். அதில் ஒரு பிளாஸ்டிக் பை சிக்கினால் போதும். வடிகால் கடைசியில் கால்வாயைத் தொடாமல் ஐம்பதடிக்கு முன்பே முடிந்துவிடும் 'விடுபட்ட இணைப்பு'களும் உண்டு. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார் போட்டுப் போட்டு, வீடுகளின் வாசல் தெருவைவிடத் தாழ்ந்துபோனது மற்றொரு கேடு. மேற்கு மாம்பலம், சைதாப்பேட்டைப் பக்கம் பழைய வீடுகளுக்குள் படியிறங்கிப் போக வேண்டியிருக்கும். பழைய தார்ப்படலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிய சாலை போட வேண்டும் என்ற விதி பின்னால்தான் வந்தது.

2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. தண்ணீர்ப் பஞ்சத்துக்காக வந்த விதி என்றாலும், கூரையில் விழும் மழையைத் தெருவுக்கு விடாமல் மண்ணுக்குள் இறக்கும் வகையில் அது வெள்ளத்துக்கும் மருந்துதான். 2005 அக்டோபர் 27 அன்று நகரில் 27 சென்டிமீட்டர் மழை பெய்து வேளச்சேரி உட்படப் பல பகுதிகள் மூழ்கிய பின், மத்திய அரசின் நகர்ப்புற மேம்பாட்டு நிதியில் வடிகால் பணிகள் தொடங்கின. 2011இல் 42 உள்ளாட்சிகள் இணைக்கப்பட்டு, மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. வார்டுகள் 200, மண்டலங்கள் 15. புதிதாக வந்த பகுதிகளில் பலவற்றில் வடிகால் என்பதே இல்லை. ஆனால் ஏரிகளும் சதுப்பும் அங்கேதான் இருந்தன. முதல்முறையாக அவற்றின் அருகில் மாநகராட்சிக்குக் கை எட்டியது.

2015 நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் மட்டும் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. ஏரிகள் நிரம்பி, மண் இனி நீரை உறிஞ்ச முடியாத நிலையில் இருந்தபோது டிசம்பர் 1 வந்தது. ஒரு நாளில் தாம்பரத்தில் 49, செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து படிப்படியாகக் கூட்டி, இரவில் விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. அதோடு இடைப்பட்ட நூற்றுக்கணக்கான ஏரிகளின் உபரி நீரும் உடைப்பு நீரும் சேர்ந்து அடையாற்றில் இறங்கின. முடிச்சூர், ஜாபர்கான்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று ஆற்றோரம் முழுவதும் நள்ளிரவில் தண்ணீர் ஏறியது. கீழ்த்தளத்தில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. விமான நிலையம் மூடப்பட்டது. 1878 முதல் வெளிவந்துகொண்டிருந்த தி இந்து நாளிதழ் ஒருநாள் அச்சாகவில்லை. கடலோரக் குப்பங்களின் மீனவர்கள் தங்கள் படகுகளை ஏற்றிவந்து தெருத்தெருவாக மக்களை மீட்டார்கள். பிற மாவட்டங்களிலிருந்து வரவழைக்கப்பட்ட தூய்மைப் பணியாளர்கள் அழுகிய குப்பை மலைகளை வெறுங்கையால் அள்ளினார்கள். நகரம் எழுந்து நின்றதில் அவர்களின் பங்கு பெரிது. அவர்களுக்குக் கிடைத்த நன்றி மிகச் சிறிது.

இந்திய தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. ஏரி நீர் நிர்வாகத்தில் நேர்ந்த தவறு, வெள்ளச் சமவெளியில் கட்டுமானங்கள், பழைய பரிந்துரைகள் நிறைவேறாமை ஆகியவற்றைச் சுட்டி, 2015 வெள்ளம் மனிதரால் விளைந்த பேரிடர் என்று கூறியது. நல்ல மாற்றங்களும் அந்த வெள்ளத்துக்குப் பின் வலுப்பெற்றன. வார்டு வாரியாக வடிகால் கட்டுவதை விட்டு, வடிநிலம் வாரியாகத் திட்டமிடும் முறை நிலைபெற்றது. அடையாறு–கூவம் வடிநிலத்துக்கு உலக வங்கியும், கொசஸ்தலையாற்று வடிநிலத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கியும், கோவளம் வடிநிலத்துக்கு ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கியும் கடன் தந்தன. தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்று கணக்கிட்டு, கால்வாயிலிருந்து தெருவை நோக்கிப் பின்னோக்கி வடிவமைப்பதே இதன் முறை.

கோவளம் திட்டத்தில் ஒரு பாடமும் கிடைத்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையோர மணல் திட்டுகளிலும் வடிகால் கட்ட முனைந்தபோது அங்கே குடியிருப்பவர்கள் எதிர்த்தார்கள். மணல் மழையை அப்படியே குடித்து நிலத்தடி நீராக்குகிறது. கான்கிரீட் போட்டு அதைக் கடலுக்கு அனுப்பினால் கிணற்றில் உப்பு ஏறும் என்பது அவர்கள் வாதம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போன பின் அந்தப் பகுதி கைவிடப்பட்டது. எல்லா இடத்துக்கும் ஒரே மருந்து வடிகால் என்ற நம்பிக்கை அங்கே முதல்முறையாகத் தோற்றது.

மன்றத்தின் பதவிக்காலம் 2016இல் முடிந்து, 2022 பிப்ரவரி வரை மீண்டும் தேர்தல் இல்லை. 2021 நவம்பர் 6 இரவு தொடங்கி மறுநாள் காலைக்குள் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தபோதும் நகரில் கவுன்சிலர்கள் இல்லை. மாம்பலம் கால்வாயில் சீரமைப்புப் பணி பாதியில் நின்றிருந்த நிலையில், தியாகராய நகர் நாட்கணக்கில் தண்ணீரில் நின்றது. ஒரு நூற்றாண்டுக்கு முன் ஏரியாக இருந்த இடம் என்பதைப் பலர் அப்போதுதான் பேசினார்கள். ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி வெ. திருப்புகழ் தலைமையில் அமைந்த குழு, 2023 மார்ச்சில் இறுதி அறிக்கை அளித்தது. அதன் இடைக்காலப் பரிந்துரைகளை வைத்து நடந்த அவசரப் பணிகளின் பயனாக, 2022 மழையில் தியாகராய நகர் உள்ளிட்ட நடுப்பகுதிகளில் தண்ணீர் விரைவில் வடிந்தது.

ஆனால் 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் கரைக்கு அருகில் மெல்ல நகர்ந்து, பல இடங்களில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது. முகத்துவாரங்களில் கடல், ஆற்றுநீரை ஏற்கவில்லை. புதிய வடிகால்கள் கொண்டுவந்த தண்ணீரும் போக வழியின்றி நின்றது. வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பகுதிகளில் பல நாட்கள் மின்சாரமும் பாலும் இல்லை. எந்த வடிகாலும் குறிப்பிட்ட அளவு மழைக்குத்தான் கட்டப்படுகிறது. அதற்கு மேல் வரும் நீரைச் சில மணி நேரமாவது நிறுத்திவைக்க இடம் வேண்டும். அந்த இடத்தைத்தான் நகரம் ஏற்கெனவே விற்றுத் தீர்த்திருந்தது.

அதனால் மாநகராட்சி இப்போது நீர் நிற்கும் இடங்களைத் திரும்பத் தேடுகிறது. பூங்காக்களில் பள்ளம் வெட்டி, கூழாங்கல்லும் மணலும் நிரப்பி, மழையை மண்ணுக்குள் இறக்கும் 'ஸ்பாஞ்ச் பார்க்'குகள் பல இடங்களில் வந்திருக்கின்றன. கோயில் குளங்களுக்கும் ஊர்க் குளங்களுக்கும் தெருவிலிருந்து வடிகால் இணைப்பு தரப்படுகிறது. 2024 செப்டம்பரில் கிண்டி குதிரைப் பந்தய மைதான நிலத்தை அரசு திரும்ப எடுத்துக்கொண்டதும், மறு மாதமே மாநகராட்சி அங்கே நான்கு குளங்களை வெட்டியது. வேளச்சேரி நோக்கிப் பாயும் நீரை வழியிலேயே பிடித்துவைக்கும் இடம் அது.

ஆண்டுதோறும் நடக்கும் ஏற்பாடுகளும் இந்தத் திட்டமிடலின் பகுதியே. செப்டம்பர் முடிவதற்குள் வடிகால்களிலும் கால்வாய்களிலும் தூர் வாரி, ஆகாயத்தாமரையை எந்திரங்களால் அகற்ற வேண்டும். தாழ்வான தெருக்களில் டிராக்டரில் பொருத்திய மோட்டார் பம்புகளை முன்கூட்டியே நிறுத்திவைக்கிறார்கள். சுரங்கப்பாதைகளில் நீர்மட்டம் அளக்கும் கருவிகள் உண்டு. பள்ளிகளும் சமுதாயக் கூடங்களும் நிவாரண மையங்களாகத் தயாராகின்றன. சமையல் கூடங்கள் ஒதுக்கப்படுகின்றன. மாநகராட்சியின் தலைமையகமான ரிப்பன் மாளிகையின் கட்டுப்பாட்டு அறைக்கு 1913 என்ற எண்ணில் புகார் வருகிறது. மழை முன்னறிவிப்பு, ஆற்றின் ஓட்டம், கடல் மட்டம் மூன்றையும் இணைத்து எந்தத் தெருவில் எவ்வளவு நீர் நிற்கும் என்று கணிக்கும் மென்பொருளைத் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 2019இல் அளித்தது. கணிப்பு சரியாக இருப்பது ஒன்று; அது கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருப்பவரின் காதில் நள்ளிரவுக்கு முன் விழுவது மற்றொன்று. 2022இல் மன்றம் மீண்டும் கூடிய பிறகு, அந்த இடைவெளியை நிரப்பும் வேலை வார்டு அளவில் கவுன்சிலர்களுக்கும் இளநிலைப் பொறியாளர்களுக்கும் வந்தது.

நகருக்கு வரும் வெள்ளத்தின் பெரும்பங்கு மாநகராட்சி எல்லைக்கு வெளியே பிறக்கிறது. அடையாற்றின் மேல்பகுதி 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சியையும் அதை அடுத்த ஊராட்சிகளையும் சேர்ந்தது. கூவத்தின் மேல்பகுதியில் 2019இல் உருவான ஆவடி மாநகராட்சி இருக்கிறது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் கால்வாய் அகலப்படுத்தப்பட்டால் கோட்டூர்புரத்துக்கு நீர் விரைவாக வரும். அங்கே ஏரி ஆழப்படுத்தப்பட்டால் தாமதமாக வரும். 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகர்ப் பகுதியின் பரப்பு 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிவாக்கப்பட்டது. செம்பரம்பாக்கம் ஏரிக்கும் பூண்டி நீர்த்தேக்கத்துக்கும் நீர் கொண்டுவரும் ஏரிகளில் பலவும் இதனால் ஒரே நகரமைப்பு எல்லைக்குள் வந்துள்ளன. 2026 முதல் 2046 வரைக்குமான மூன்றாவது பெருந்திட்டம் இந்தப் பரப்பை வைத்தே தயாராகிறது. எந்த ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் கட்டடம் எழலாம், எங்கே எழக் கூடாது என்பது அந்த நிலப்பயன்பாட்டு வரைபடத்தில் முடிவாக வேண்டியது.